பரிந்து பேசுதல்: ‘இன்ரர்சீட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லின் பொருளும் வழக்கும்

மொழியிலுள்ள சொற்களுட் பல, பொருளை உணர்த்துவதோடு அமைந்துவிடுவன. ஒரு சில சொற்களோ, அவற்றை வழங்குவோன் பிறரிடத்து எவ்வாறு ஒழுகுதல் வேண்டும் என்பதையும் உடன் உணர்த்துவன. ஆங்கிலத்திலுள்ள ‘இன்ரர்சீட்’ என்னும் வினைச்சொல் இவற்றுட் பின்னைய வகையைச் சார்ந்தது. நம் மாணவர்கள் இச்சொல்லை எதிர்ப்படுங்கால் அகராதியைப் புரட்டி, ‘மத்தியஸ்தம் செய்’, ‘தலையிடு’, ‘சிபார்சு செய்’ என்று மூன்று பொருளையும் ஒருசேர எழுதிக்கொள்வர். ஆயின், இம்மூன்றும் மூன்று வேறு செயல்களாகும். அவற்றை ஒன்றாகக் கொள்வதனாற் பரீட்சையிலே சில புள்ளிகள் குறையலாம். அஃது ஈடுசெய்யத்தக்க இழப்பு. வாழ்க்கையிலே ஒன்றைச் செய்யவேண்டிய இடத்தில் மற்றொன்றைச் செய்தல் அவ்வாறு எளிதில் ஈடுசெய்யத்தக்கதன்று. ஆதலின் கல்லூரியின் இவ்விழா மலரிலே இச்சொல்லின் பிறப்பையும், இலக்கணத்தையும், அது குறிக்கும் செயலையும் நம்மவர் வரலாற்றிலிருந்தும் இலக்கியங்களிலிருந்தும் எடுத்துக்காட்டுக்கள் கொண்டு ஆராய்வாம்.

சொற்பிறப்பு

‘இன்ரர்சீட்’ என்பது இலத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த சொல். ‘இன்ரர்’ என்பதற்கு ‘இடையே’ என்பதும், ‘கேடெரே’ என்பதற்குச் ‘செல்லுதல்’ என்பதும் பொருள். எனவே, ‘இடையே செல்லுதல்’ என்பதே இதன் அடிப்பொருளாயிற்று. யாருக்கு இடையே? வலியான் ஒருவனுக்கும் அவனது வலிமைக்கு உட்பட்டு நிற்கும் ஒருவனுக்கும் இடையே.

இதன் முன்னைய வரலாறு சுவையானது. பண்டை உரோமாபுரியிலே பொதுமக்களின் பிரதிநிதிகளாய்த் ‘திரிபூன்’ எனப்படும் அதிகாரிகள் தெரிவுசெய்யப்பட்டனர். கி. மு. 494ஆம் ஆண்டளவிலே இப்பதவி தோன்றிற்று என்பது உரோமர் கொண்ட மரபு. அதிகாரி ஒருவன் குடிமகன் ஒருவனை அநீதியாய்த் தண்டிக்க முற்பட்டால், திரிபூன் இடையே சென்று அதனைத் தடுக்கலாம். அவர் மேனியில் எவரும் கைவைத்தலாகாது என்பது சட்டம். இவ்வாறு இடைபுகுந்து தடுக்கும் உரிமைக்கு உரோமர் இட்ட பெயர் ‘இன்ரர்கெஸ்ஸியோ’ என்பதாம். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் ‘இன்ரர்செஷன்’ என்னும் பெயர்ச்சொல் அதன் வழியே வந்தது.

பொருளில் நேர்ந்த மாற்றத்தையும் மாணவர் கருதுதல் வேண்டும். உரோமாபுரியிலே இடையே சென்றவனுக்குத் தடுக்கும் அதிகாரம் இருந்தது. ஆங்கிலச் சொல்லிலோ அவ்வதிகாரம் இல்லை. இடையே செல்பவன் ஆணையிடுவதில்லை, வேண்டுகின்றான். தீர்ப்பு எதிரிலிருப்பவன் கையிலேயே உள்ளது. அதிகாரம் நீங்கி, வேண்டுகோள் மட்டும் எஞ்சிய சொல் இது எனலாம்.

எழுத்துக்கூட்டலும் இலக்கணமும்

‘செல்லுதல்’ என்னும் அவ்விலத்தீன் வேரிலிருந்து ஆங்கிலத்திற் பல வினைகள் பிறந்துள்ளன. முன்னே செல்லுதல் ‘பிறிசீட்’, பின்னே செல்லுதல் ‘றிசீட்’, பிரிந்து செல்லுதல் ‘சிசீட்’, விட்டுக்கொடுத்தல் ‘கொன்சீட்’. இவையும் ‘இன்ரர்சீட்’ என்பதும் சீ, ஈ, டீ, ஈ என்னும் நான்கு எழுத்துக்களான் முடிவன. ‘புறொசீட்’, ‘எக்சீட்’, ‘சக்சீட்’ என்னும் மூன்று மட்டுமே இரண்டு ஈ எழுத்துக்களை அடுத்தடுத்துப் பெறுவன. ‘சூப்பர்சீட்’ என்பது வேறு வேரிலிருந்து வந்ததாகலின் எஸ் எழுத்தைப் பெறும். இம்மூன்று பிரிவையும் நெட்டுருச் செய்தோர் இவற்றிற் பிழைவிடார்.

இறந்தகாலம் ‘இன்ரர்சீடட்’, தொழிற்பெயர் ‘இன்ரர்செஷன்’, செய்பவன் ‘இன்ரர்செசர்’. வீதிகள் சந்திக்குமிடத்தைக் குறிக்கும் ‘இன்ரர்செக்ஷன்’ என்பதும், செல்வதை இடைமறித்துப் பற்றுதலைக் குறிக்கும் ‘இன்ரர்செப்ற்’ என்பதும் ஒலியால் அணித்தாயினும் பொருளால் வேறானவை.

இவ்வினை செயப்படுபொருள் குன்றியது. ‘புலவர் சிறுவரை இன்ரர்சீட் செய்தார்’ என்னும் அமைப்பில் ஆங்கில வாக்கியம் எழுதுதல் வழுவாகும். இவ்வினைக்கு இரண்டு முன்னிடைச்சொற்கள் வேண்டும். எவரிடத்து வேண்டுகின்றோமோ அவர்க்கு முன் ‘வித்’ என்பதும், எவர்பொருட்டு வேண்டுகின்றோமோ அவர்க்கு முன் ‘போர்’ அல்லது ‘ஒன் பிஹாவ் ஒவ்’ என்பதும் வரும். ‘த போயற் இன்ரர்சீடட் வித் த கிங் போர் த சில்ட்றன்’ என்பது செப்பமான வாக்கியம். இதனைத் தமிழில், ‘புலவர் அரசனிடம் சிறுவர்க்காகப் பரிந்து பேசினார்’ என்போம். ‘வித்’ என்பதற்கு ‘இடம்’ என்னும் உருபும், ‘போர்’ என்பதற்கு ‘ஆக’ என்னும் உருபும் அமைந்து, இரு மொழியும் இவ்விடத்து நன்கு பொருந்துதல் காண்க.

ஆயினும் இங்கேதான் நம் மாணவர் பெரும்பாலும் இடறுகின்றனர். ‘வித்’ என்றதும் ‘ஓடு’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபே அவர்தம் நினைவுக்கு வருகின்றது. அதனால் மேற்கூறிய வாக்கியத்தைப் ‘புலவர் அரசனோடு சேர்ந்து சிறுவர் விடயத்தில் இடைப்பட்டார்’ எனத் தலைகீழாய்ப் பொருள்கொள்வர். இடையே சென்றவர் வலியான் பக்கம் சேர்ந்துவிட்டதாகப் பொருள்படுமாயின், அச்சொல் தன் உயிரையே இழந்துவிடுகின்றது. ‘வித்’ என்பது இவ்விடத்து முகத்துக்கு முகம் நின்று பேசுதலைக் குறிக்குமேயன்றி உடன்சேர்தலைக் குறியாது என்பதை மனத்திற் பதித்தல் வேண்டும்.

மூவர் இருந்தாலன்றி இவ்வினை நிகழாது என்பதும் இதனாற் பெறப்படும். தனக்காகத் தானே வேண்டுவோன் செய்வது ‘பிளீட்’ எனப்படும் மன்றாடுதல். பிறனுக்காக வேண்டுங்காலே அது ‘இன்ரர்சீட்’ ஆகின்றது.

ஒத்தனபோல் தோன்றும் சொற்கள்

இனி, இதனோடு மயங்கும் சொற்களைப் பிரித்தறிவாம்.

‘மீடியேற்’ என்பது மத்தியஸ்தம் செய்தல். ‘மத்தியஸ்தன்’ என்பான் நடுவே நிற்பவன். பிணங்கிய இருவருக்கும் அவன் சமமான சேய்மையில் நிற்பான். இருவருடைய சொல்லையும் கேட்டு, இருவரும் ஏற்கும் வழியைத் தேடுவான். பரிந்து பேசுவோன் அவ்வாறு நடுவில் நிற்பதில்லை. அவன் ஒருவர் பக்கத்தவன் என்பது வெளிப்படை. ‘இன்ரர்சீட்’ என்பதற்குப் பிணக்கை ஆற்றுதல் என்னும் பொருளையும் ஆங்கில அகராதிகள் கூறுதலுண்டு. எனினும் இன்றைய பெருவழக்கு ஒருவர்பொருட்டு வேண்டுதலே. நம் நாட்டிலே 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் இணக்க சபைகளும், பின்னர் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகளும் அமைக்கப்பட்டன. எல்லைவேலித் தகராற்றையும் கடன் வழக்கையும் கேட்கும் மத்தியஸ்த சபையில் அமர்ந்திருக்கும் பெரியவர் செய்வது ‘மீடியேற்’. அவரே ஒரு கட்சிக்காரனுக்காகப் பரிந்து பேசத் தொடங்கினால் அவர் தம் ஆசனத்தை விட்டிறங்கல் வேண்டும்.

‘ஆர்பிற்றேற்’ என்பது நடுவராய் நின்று முடிவு கூறுதல். ‘இன்ரர்வீன்’ என்பது தலையிடுதல். அது நன்மைக்காகவும் இருக்கலாம், தீமைக்காகவும் இருக்கலாம், படையோடு வருதலும் அதன்பாற்படும். ‘இன்ரர்பியர்’ என்பது வேண்டாத இடத்தில் மூக்கை நுழைத்தல். ‘பசிலிற்றேற்’ என்பதற்கு ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘அனுசரணை செய்தல்’ என்னும் தொடரை வழங்கின. 2002ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே உண்டான போர்நிறுத்த உடன்படிக்கைக் காலத்திலே நோர்வே நாட்டார் தம்மை மத்தியஸ்தர் எனக் கூறாது, அனுசரணையாளர் என்றே கூறிக்கொண்டனர். பேசுதற்கு இடமும் வாய்ப்பும் அமைத்துத் தருதலே தம் பணி என்பது அவர்தம் கருத்து. வன்னியில் வாழ்ந்த பலர் இச்சொல்வேறுபாட்டை நூலிற் கற்கவில்லை. நாளிதழிலும் வானொலியிலும் கேட்டறிந்தனர்.

தூது செல்லுதலும் வேறே. தூதன் ஒருவரால் அனுப்பப்படுபவன். அனுப்பியவர் சொல்லைச் சுமந்து செல்பவன். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் தூதராவார். அவன் படைக்கலச் சாலையின் பளபளப்பைப் புகழ்வார்போன்று, போரே காணாத அதன் நிலையைச் சுட்டிக்காட்டிய திறமை புறநானூற்றிற் காணப்படுகின்றது. பரிந்து பேசுவோன் பெரும்பாலும் எவராலும் அனுப்பப்படாது தானே எழுந்து செல்பவன்.

எஞ்சியது சிபார்சு. பாரசீக மொழியிலே பரிந்து பேசுதலைக் குறித்த சொல்லே நம்மிடத்துச் ‘சிபார்சு’ ஆயிற்று. வந்த சொல் நல்ல குடியிற் பிறந்ததாயினும், நம் ஊர்களிலும் அலுவலகங்களிலும் பழகிய பழக்கத்தால் அதன் மதிப்புக் குறைந்துவிட்டது. ஒரு வேலைக்குப் பதின்மர் விண்ணப்பித்திருக்க, அவருள் ஒருவனுக்காகப் பெரிய மனிதர் ஒருவர் கடிதம் கொடுத்தல் சிபார்சு. கதவுக்கு வெளியே நிற்கும் ஒன்பதின்மருடைய உரிமை அதனாற் குறைகின்றது. பரிந்து பேசுதலால் எவருடைய உரிமையும் குறைதலாகாது. இதுவே இவ்விரண்டையும் பிரிக்கும் உரைகல்.

தமிழிற் பொருத்தமான சொல் எது?

‘பரிந்து பேசுதல்’ என்பதே இவ்வாங்கில வினைக்கு மிகப் பொருத்தமான தமிழ் என்று கருதுகின்றேன். ‘பரிதல்’ என்பது இரங்குதல், அன்புகொள்ளுதல் எனப் பொருள்படும். ஆங்கிலச் சொல், செல்லும் இடத்தை நோக்கிப் பெயர் பெற்றது; தமிழ்ச் சொல், செல்வோன் நெஞ்சை நோக்கிப் பெயர் பெற்றது. ‘பரிந்துரை’ என்பதும் அவ்வேரினதே. ஆயின் இக்காலத்திலே குழுக்களின் அறிக்கைகளில் ‘பரிந்துரைகள்’ என எண்ணிட்டு எழுதும் வழக்கு மிகுந்தமையால், அச்சொல்லில் முன்பிருந்த இரக்கப் பொருள் மெல்ல மறைந்துவிட்டது. ஆதலின் ‘பரிந்து பேசுதல்’ எனப் பிரித்து வழங்குதலே நன்று.

சமய வழக்கிலும் இக்கருத்து உண்டு. கிறித்தவர் இறைவனிடத்துப் பிறர்பொருட்டுச் செய்யும் வேண்டுதலை இச்சொல்லாற் குறிப்பர். வைணவர், திருமாலிடத்து உயிர்களின் பொருட்டுத் திருமகள் பரிந்துரைத்தலைப் ‘புருஷகாரம்’ என்பர். சைவத்திலோ இதனின் வேறான ஒரு காட்சியுண்டு. சுந்தரமூர்த்தி நாயனாருக்காகச் சிவபெருமானே திருவாரூர் வீதியிலே நள்ளிரவிற் பரவையாரிடம் சென்றார் என்று பெரியபுராணம் கூறும். முதன்முறை ஆதிசைவ வேதியர் வடிவிற் சென்று பரவையார் மறுத்துவிடத் திரும்பினார். மீண்டும் ஒருமுறை சென்று இசைவித்தார். அடியவன் ஆண்டவனிடத்து வேண்டுதல் உலகெங்கும் உள்ளது. அடியவன்பொருட்டு ஆண்டவன் ஒரு பெண்ணின் வாயிலில் நின்று வேண்டினான் என்பதும், ஒருமுறை மறுக்கப்பட்டும் மறுமுறை சென்றான் என்பதும் பரிந்து பேசுவோர்க்கு இரு பாடங்களைப் புகட்டுகின்றன. பிறர்பொருட்டு வேண்டுதலாற் பெருமை குன்றாது. முதல் மறுப்போடு முயற்சியைக் கைவிடுதலும் தகாது.

கோவூர்கிழார் காட்டிய நெறி

மத்தியஸ்தத்தையும் பரிந்து பேசுதலையும் ஒருவரே வெவ்வேறு காலத்துச் செய்ததை அறிய விரும்புவோர் புறநானூற்றிற் கோவூர்கிழாரைக் காண்க. அடுத்தடுத்து அமைந்த 45, 46, 47ஆம் பாட்டுக்கள் இவ்வாராய்ச்சிக்கென்றே வைத்தாற்போல அமைந்துள்ளன.

நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கின்றான். நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருக்கின்றான். இருவரும் சோழர். புலவர் இருவரையும் நோக்கி, நீவிர் இருவரும் சூடியிருப்பது ஆத்தி மாலையே, எவர் தோற்பினும் தோற்பது உம் குடியே, இருவரும் வெல்லுதல் இயற்கையுமன்று என்று எடுத்துரைக்கின்றார். இது மத்தியஸ்தம், ‘மீடியேற்’ என்பதற்கு இலக்கியம்.

அடுத்தது மலையமானின் மக்களைப் பற்றியது. பகைவன் மக்கள் என்பதற்காகச் சோழன் கிள்ளிவளவன் அச்சிறுவரை யானைக் காலில் இட முனைகின்றான். அவர்கள் பிழை ஏதும் செய்தவரல்லர், பேசவும் அறியாதவர். புலவர் இடையே செல்கின்றார். நீ ஒரு புறாவின் துயர்தீர்த்தவன் மரபில் வந்தவன் என்று அரசனுக்கு அவன் குடிப்பெருமையை நினைவூட்டுகின்றார். இவர்களோ அறிவுடையோரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்துண்டவர் வழியினர் என்கின்றார். பின்னர் அச்சிறுவரையே சுட்டுகின்றார்: யானையைக் கண்ட வியப்பால் அழுகையை மறந்து, அறிமுகமில்லாத மன்றத்தைக் கண்டு மருண்டு நிற்கும் பிள்ளைகள் இவர்கள். இவ்வளவையும் கூறியபின், நான் சொல்வதைச் சொன்னேன், இனி நீ விரும்பியதைச் செய் என்று முடிக்கின்றார். சிறுவர் உயிர்பிழைத்தனர் என்பதைப் பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பால் அறிகின்றோம்.

மூன்றாவது, இளந்தத்தன் என்னும் புலவனைப் பற்றியது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த அவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, புலவர் வாழ்க்கை எத்தகையது என்பதை எடுத்துக்கூறிக் கோவூர்கிழார் அவனை மீட்டார்.

46ஆம் பாட்டிலிருந்து பரிந்து பேசுதலின் முறைகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, காலம் அறிதல். யானை வந்து நின்ற பின்னரும், அது காலைத் தூக்குமுன் புலவர் பேசினார். இரண்டாவது, கேட்போனை இழித்துரையாமை. அரசனைக் கொடியோன் என்று கூறியிருப்பின் அவன் சினம் மிகுந்திருக்கும். அவனுடைய நன்மையை அவனுக்கே நினைவூட்டியதனால் அவன் மனம் திரும்புதற்கு வழியுண்டாயிற்று. மூன்றாவது, எவர்பொருட்டுப் பேசுகின்றோமோ அவரைக் கண்முன் நிறுத்துதல். சிறுவருடைய மருட்சியைப் புலவர் கூறியதன் பின், அவர்களைப் ‘பகைவன் மக்கள்’ என்று மட்டும் காணுதல் அரசனுக்கு இயலாதாயிற்று. நான்காவது, பொய் கூறாமை. மலையமான் பகைவனல்லன் என்று புலவர் எவ்விடத்தும் கூறவில்லை. ஐந்தாவது, முடிவை உரியவனிடமே விடுதல். இவ்வைந்தும் இக்கால விண்ணப்பக் கடிதங்களுக்கும் அவ்வாறே பொருந்துவன.

கம்பராமாயணத்திலே அனுமனைக் கொல்லுமாறு இராவணன் பணித்தபோது விபீடணன் பேசியதையும் ஒப்புநோக்குக. அவன் இரக்கத்தை எழுப்ப முயலவில்லை. தூதுவரைக் கொல்லுதல் அறமன்று என்னும் நெறியை எடுத்துக்காட்டினான். உயிர் தப்பியது, வாலில் தீ வைக்கப்பட்டது. இரக்கத்தை முன்வைத்துப் பேசுதலும், நெறியை முன்வைத்துப் பேசுதலும் இவ்வினையின் இரு வகை என்க.

ஒருவரும் பேசாத இடம்

நம் தண்ணீரூற்று மக்கள் இச்சொல்லை ஆராயுங்கால் மறத்தற்கியலாத ஒரு கதையுண்டு. அண்மையிலுள்ள வற்றாப்பளையிலே கோயில்கொண்டிருப்பவள் கண்ணகி. மதுரையை எரித்தபின் ஈழம் வந்த அன்னை தங்கிய பத்தாம் இடமாதலின் ‘பத்தாப்பளை’ எனப்பெற்று, பின்னர் ‘வற்றாப்பளை’ ஆயிற்று என்பது வன்னி மக்கள் வழக்கு. ஆண்டுதோறும் வைகாசி விசாகப் பொங்கலுக்கு முன்னர்க் கடலிலே தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் அவ்வுப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கத்தை நம் பிள்ளைகள் யாவரும் அறிவர்.

அன்னையின் கணவனாகிய கோவலன், பிறர்பொருட்டு இடைபுகுந்தவன் என்பதைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடல மறையோன் கூறுகின்றான். புகாரிலே பத்தினி ஒருத்திமேற் பொய்ச்சான்று கூறிய ஒருவனைச் சதுக்கப் பூதம் பாசத்தாற் கட்டியது. அவன் தாய் கதறினாள். கோவலன் பாசத்துட் புகுந்து, என் உயிரைக் கொண்டு இவன் உயிரைத் தருக என்று வேண்டினான். தீயவன் உயிருக்கு நல்லவன் உயிரைக் கொள்ளேன் என்று பூதம் மறுத்து, அவனைக் கொன்றது. பின்னர் அத்தாயையும் அவள் சுற்றத்தாரையும் பன்னாட் காத்தவன் கோவலனே. வேண்டுதல் பயன்படாதவிடத்தும் பரிவு முடிந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று. குற்றமற்றவர்க்காக மட்டுமே பரிந்து பேசலாம் என்னும் எண்ணத்தையும் இந்நிகழ்ச்சி மறுக்கின்றது.

அத்தகையவனைப் பொற்கொல்லன் சொற்கேட்டு மதுரையிற் கொன்றபோது, அரசனிடத்துச் சென்று அவனுக்காக ஒரு சொற் பேசுவார் எவரும் இலர். அவனை அறிந்தவர் அந்நகரில் இலர், விசாரணையும் நிகழவில்லை. கண்ணகி அவைக்குச் சென்று வழக்குரைத்தது உண்மையே. ஆயினும் அஃது உயிர் போனபின் நிகழ்ந்தது. அவ்வழக்கை அவளே உரைத்தாளாகலின் அது பரிந்து பேசுதலுமன்று. தன் உரிமையைக் கேட்டல். பேசவேண்டிய நேரத்திற் பேசுவாரின்மையாற் கணவனை இழந்த ஒருத்தியையே நம் மாவட்டம் தாயாகக் கொண்டு வழிபடுகின்றது. கோவூர்கிழார் பாட்டையும் இக்கதையையும் அருகருகே வைத்துக் கற்போர்க்கு, ‘இன்ரர்சீட்’ என்னும் சொல்லின் நிறை தானே விளங்கும்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன்

அண்மைக்கால வரலாற்றிலே இவ்வினைக்கு நம் நாடு தந்த பேருதாரணம் சேர் பொன்னம்பலம் இராமநாதனாவார். 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே கண்டியிற் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்குமிடையே மூண்ட கலவரம் விரைவிற் பல இடங்களுக்கும் பரவியது. ஜூன் 2ஆம் நாள் ஆளுநர் சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர். பின்னாளிற் சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரான டீ. எஸ். சேனநாயக்கா, டீ. பி. ஜயதிலக்க முதலிய சிங்களத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். ஹென்றி பெட்றிஸ் என்னும் இளைஞர் அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டார்.

அக்காலத்திலே சட்டநிரூபண சபையிற் படித்த இலங்கையரின் பிரதிநிதியாய் வீற்றிருந்தவர் இராமநாதன். அவர் தமிழர், சிறையிலிருந்தோர் சிங்களவர். எனினும் சபையிலே எழுந்து அரசாங்கத்தின் செயல்களைக் கண்டித்துப் பேசினார். முதல் உலகப் போர் நடைபெற்ற ஆபத்தான கடலிலே இங்கிலாந்து சென்று, அங்குள்ள ஆட்சியாளரிடத்து முறையிட்டார். கலவரத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1916இல் இலண்டனில் வெளிவந்தது. அவர் திரும்பியபோது கொழும்பிலே சிங்கள மக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவர் ஏறிய வண்டியைத் தாமே இழுத்துச் சென்ற செய்தி நாடறிந்தது.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறாதுவிடுதல் நேர்மையாகாது. கலவரத்திற் கடைகளையும் உடைமைகளையும் உயிர்களையும் இழந்தவர் முஸ்லிம்கள். இராமநாதன் சிங்களவர்க்காகப் பேசியபோது தம் இழப்பு மறக்கப்பட்டது என்று அவர்கள் வருந்தினர். அவ்வருத்தம் நெடுங்காலம் நீடித்தது. இலக்கண நோக்கிலே இதன் காரணம் தெளிவானது. ‘போர்’ என்னும் முன்னிடைச்சொல் ஒருவரைச் சுட்டியவுடன், சுட்டப்படாத மற்றொருவர் வாக்கியத்துக்கு வெளியே நிற்கின்றார். மத்தியஸ்தனுக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. பரிந்து பேசுவோனுக்கு எப்பொழுதும் உண்டு. ஆதலின் அவன் தன் கட்சியினர்க்காகப் பேசுங்கால், வெளியே நிற்போரின் காயத்தை மறைத்தும் குறைத்தும் பேசாதிருத்தல் கடமையாம்.

நம் காலத்து நிலை

நம் மாவட்டத்துக்கு இவ்வினைச்சொல் ஏட்டுச் சுரைக்காயன்று. 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே முல்லைத்தீவு மாவட்டத்து மண்ணிலே போர் முடிவுற்றது. மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் வைக்கப்பட்டனர்; அம்முகாம்கள் 2012ஆம் ஆண்டு செப்ரெம்பரிலேயே மூடப்பட்டன. அதன் பின்னரும் காணிக்காக, பிறப்புச் சான்றிதழுக்காக, நட்டஈட்டுக்காக, காணாமற்போன பிள்ளையைப் பற்றிய ஒரு செய்திக்காக எத்தனையோ படிவங்கள் எழுதப்பட்டன. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும் வேறு மொழியில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பாரைத் தேடிய முதியோரை நம் ஊர்களிற் காணாதார் இலர். 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே முல்லைத்தீவிலே காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கினர்.

இத்தாய்மார் தமக்காகத் தாமே பேச வல்லவர். கண்ணகியைப் போன்று அவர்கள் கேட்டது சலுகையன்று, உரிமை. அவர்தம் வாயை அடைத்துவிட்டு அவர்க்காக நாம் பேசுதல் பரிந்து பேசுதலாகாது. எவர்பொருட்டுப் பேசுகின்றோமோ அவரிடம் முதலிற் கேட்டறிந்து, அவர் சொல் சென்று சேராத இடத்துக்கு அதனைக் கொண்டுசெல்லுதலே நாம் செய்யத்தக்கது. மொழி தெரிந்தவன் மொழியாலும், சட்டம் தெரிந்தவன் சட்டத்தாலும், பதவியிலிருப்பவன் தன் பதவியாலும் இதனைச் செய்யலாம்.

மாணவர்க்குச் சிறு பயிற்சி

கீழ்வரும் நிகழ்ச்சிகளுக்கு எவ்வினை பொருந்தும் என ஆராய்க.

1. வேலி எல்லை பற்றிப் பிணங்கிய இரு அயலவரை முதியவர் ஒருவர் அழைத்து இணக்குகின்றார். விடை: ‘மீடியேற்’.

2. தந்தை நோயுற்றமையால் நெடுநாள் வராத மாணவனின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவேண்டாம் என அவன் தோழன் அதிபரிடம் வேண்டுகின்றான். விடை: ‘இன்ரர்சீட்’, அதிபருக்கு முன் ‘வித்’, மாணவனுக்கு முன் ‘போர்’.

3. அம்மாணவனே அதிபரிடம் சென்று தன் நிலையைக் கூறி இரக்கின்றான். விடை: ‘பிளீட்’.

4. தகுதி குறைந்த உறவினனுக்கு வேலை தருமாறு ஒருவர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகின்றார். இதற்கும் ஆங்கிலத்தில் ‘இன்ரர்சீட்’ என எழுதுவாருண்டு. நம் மாணவர் அதனைச் சிபார்சு என்றே அறிவாராக.

இக்கல்லூரியிற் பயின்று வெளியேறியோர் இன்று பல நாடுகளிலும் பல பதவிகளிலும் உள்ளனர். அவர்களுட் பலருக்கு ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஓர் ஆசிரியர் பரிந்து பேசியிருப்பார்: கட்டணம் செலுத்த இயலாத தவணையில், பரீட்சை விண்ணப்பம் பிந்திய நாளில், படிப்பை நிறுத்திவிடுவதாகத் தந்தை கூறிய மாலையில். அவ்வாசிரியர்கள் இவ்வினைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தனரோ இலரோ, செய்து காட்டினர். இப்பொழுது பயிலும் மாணவர் அதன் எழுத்தையும் இலக்கணத்தையும் செவ்வையாய்க் கற்று, பேசுவாரில்லாத ஒருவருக்காகப் பேசவேண்டிய வேளை வருங்கால் மெய்யும் பணிவும் துணையாக முன்செல்வாராக. பழைய மாணவர், தமக்காகப் பேசியவர்களை நினைந்து அவ்வாறே செய்வாராக.